இரண்டு மணி நேரத் தூரம்

தலைக்கு மேலே விமானம் போனது. நிமிர்ந்து பார்க்கவே கூடாது என்றுதான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

பார்த்துவிட்டாள்.

அதற்குள்தான் இருக்கிறார் அவள் வீட்டுக்காரர் தணிகாசலம். இந்த போர்ட் பிளேர் வீட்டை விற்றுவிட்டு மெட்ராஸில் மகளோடு போய் இருந்துவிடலாம் என்றார். நான் வரமாட்டேன் என்றாள். பேச்சு தடித்தது. "அப்ப நீயே இங்க கிட. நான் திரும்பி வந்தா என்னான்னு கேளு" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியாச்சு.

கோபித்துக்கொண்டு போவது புதிதா என்ன? கல்யாணமான வருஷத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிற மனுஷன்தான்.

ஆனால் அதெல்லாம் கப்பலில்.

முதலில் கப்பல் வர வேண்டும். அது வருவதற்குள் பாதிச் சண்டை வீட்டிலேயே நமுத்துப்போகும். மீதியைச் சுமந்துகொண்டு கப்பலேற ஜெட்டிக்குப் போவார். மூன்று நாள் கடல். முதல் நாள் வாந்தி. எப்பேர்ப்பட்ட கோபக்காரனும் வாந்தி எடுத்துக்கொண்டே கோபப்பட முடியாது. இரண்டாம் நாள் பசிக்கும். பக்கத்துப் படுக்கைக்காரனிடம் பெண்டாட்டியைப் பற்றிக் குறை சொல்வார். சொல்லிச் சொல்லி அலுத்து, மூன்றாம் நாள் அவள் வைக்கிற மீன்குழம்பின் பெருமையில் வந்து நிற்பாராம்.

எல்லாம் அவரே திரும்பி வந்து சொன்னதுதான்.

மெட்ராஸில் இறங்கியதும் துறைமுகத்து பூத்திலிருந்து போன் வரும். "சேந்துட்டேன். சின்ன வெங்காயம் வாங்கவா?"

மன்னிப்பு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அடுத்த கப்பலில் வெங்காய மூட்டையோடு வந்து நிற்பார். அவள் உரிப்பாள், அழுவாள். வெங்காயத்தால்தான் என்று இருவருமே வைத்துக்கொள்வார்கள்.

எவ்வளவு நல்ல கடல் அது.

இப்போது இரண்டு மணி நேரமாம். ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் கொண்டுபோய் இறக்கிவிடுகிறானாம். இரண்டு மணி நேரத்தில் அந்த மனுஷனுக்கு மூக்கு நுனிச் சிவப்புகூட இறங்காது.

அவளுக்குப் பயமாக இருந்தது. சூட்டோடு சூடாக இறங்கி, சூட்டோடு சூடாகப் பேசி, நீ வேண்டாம் போ என்று ஒரு வார்த்தை வாயில் வந்துவிட்டால் அதோடு முடிந்தது.

சாயங்காலம் போன் அடித்தது. மகள் வளர்மதி.

"அம்மா, அப்பா வந்துட்டார். உம்முனு இருக்கார். வீட்டு விஷயமா இப்பவே உங்கிட்ட முடிவா பேசணுமாம். குடுக்கவா?"

அவள் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"இன்னிக்குத் திங்கக்கிழமைதானேடி. உங்கப்பா வியாழக்கிழமைதான் வந்து சேருவார். அப்ப குடு."

"என்னம்மா உளர்றே? இங்க சோபாவுல உக்காந்திருக்கார்."

"கடல் எப்படி இருக்குன்னு மட்டும் கேளு."

மகள் கேட்டாள். கேட்டது இவள் காதிலும் விழுந்தது. அந்தப் பக்கம் டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு யாரோ அதை அணைத்தார்கள்.

"அம்மா..." வளர்மதிக்கு ஒன்றும் புரியவில்லை. "அலை ஜாஸ்தியா இருக்காம். தலை சுத்துதாம்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும். எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டு பேசாம படுக்கச் சொல்லு" என்றாள்.