சுவிட்சுப் பெட்டியின் பூட்டு

சின்னக்கானல் பள்ளத்தாக்கின் மேலே, எஸ்டேட் ரோப்வே பாதி வழியில் நின்றுவிட்டது. தேயிலைப் பெட்டிகள் ஏற்றிய தொட்டியில் ஓர் ஆளும் இருந்தார். காற்றில் தொட்டி ஊஞ்சலாய் ஆடியது.

கரண்டு போனால் மோட்டார் நின்றுவிடும். திரும்பி வந்தாலும் சுவிட்சைப் போட்டால்தான் கம்பி நகரும். கரண்டு வந்துவிட்டது. ஆனால் சுவிட்சுப் பெட்டி பூட்டியிருந்தது. அதன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான் ஆப்பரேட்டர் ஆசீர்.

“பூட்டை ஒடைடா!” என்று ஓடிவந்தார் சர்ச் உபதேசியார்.

“வேலை போயிரும்யா. சூப்பர்வைசர் தேவசகாயத்தைக் கேக்காம யாரும் தொடப்படாது. ஞாயித்துக்கெழம கோயில்ல சாட்சி சொன்னாருல்லா, பத்து வருசமா தன் கையாலதான் ரோப் ஓடுதுன்னு?”

“அதுல ஆண்டவர் பேரையே காணோமேன்னு பாத்தேன். சாவி எங்க?”

“அவரு சட்டைப் பையில.”

“ஓடிப்போயி வாங்கிட்டு வாயேன்!”

“எங்கய்யா ஓட? ஆள் ஏறக்கூடாதுன்னு போர்டு வச்சாரு. அது மத்தவங்களுக்குன்னு ஏறிட்டாரு. தொட்டியில தொங்குறதே அவருதான்!”

உபதேசியார் பாறாங்கல்லைத் தூக்கினார். ஆசீர் குறுக்கே பாய்ந்து தடுத்தான். பிறகு பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்தினான்: “ஐயா, பூட்டை ஒடைக்கலாமா?”

மூடுபனிக்குள்ளிருந்து அழுகுரல் வந்தது.

“ஆண்டவரே, அவனை ஒடைக்கச் சொல்லும்!”