மிக்கேலின் ஸ்வெட்டர்

ஏரிக்கரையில் சவாரி விடும் அந்தக் குதிரை அருளப்பனுக்கும் அவன் மச்சான் மிக்கேலுக்கும் பொதுவானது. ஆனால் அது மிக்கேலின் தோளில் மட்டுமே தலை சாய்க்கும். பார்க்கும்போதெல்லாம் அருளப்பனுக்கு வயிறு எரியும். ஒரு மாலை, மிக்கேல் ஏற்கெனவே குடல்புழு மருந்து கொடுத்துவிட்டான் என்று தெரிந்தும், அருளப்பன் தன் கையாலும் அது தின்னட்டும் என்று இன்னும் பல மடங்கு மருந்தை வெல்லத்தில் குழைத்து ஊட்டினான். விடிந்தபோது குதிரை தள்ளாடியது, கண் தெரியவில்லை.

"மருந்து மிஞ்சிப்போச்சு. பழகின ஆளு பக்கத்துல நின்னாத்தான் மிரளாது" என்றார் கால்நடை மருத்துவர்.

மிக்கேல் தண்ணீர் எடுக்கப் போனதும் குதிரை லாயச் சுவரில் முட்டத் தொடங்கியது. கொடியில் கிடந்த மிக்கேலின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அருளப்பன் அருகில் போனான். குதிரை மோந்து பார்த்தது. பிறகு அவன் தோளில் தலை சாய்த்தது.

"எப்படியிருக்கு மச்சான், நிக்குதா?" வெளியிலிருந்து மிக்கேல் கேட்டான்.

தன் குரல் கேட்டால் குதிரைக்குத் தெரிந்துவிடும் என்று அருளப்பன் வாய் திறக்கவில்லை. குதிரையின் காதுகள் வாசல் பக்கம் திரும்பின.