வரவேற்பின் இரண்டு விநாடி

காலை ஆறு பத்துக்கு சகாயமேரி பேருந்துச் செயலியைத் திறந்தபோது அதற்குள் ஏழு திரைகள் இருந்தன. முதல் திரையின் பெயர் வரவேற்பு. "வணக்கம்" சொல்லி இரண்டு விநாடி நிற்பதுதான் அதன் வேலை. அதற்குள் செயலியை ஓட்டும் நிரல் வந்து அவளைப் பயணப் பட்டியலுக்குக் கூட்டிப்போய்விடும்.

மற்ற திரைகளுக்கு அவள் திரும்பி வருவாள். இருக்கை பார்க்கப் போவாள். மனம் மாறி, பின் அம்புக்குறியைத் தொட்டுப் பட்டியலுக்கே வருவாள். வரவேற்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"அம்பண்ணே, ஒரே ஒரு தடவை அவங்கள என்கிட்ட திருப்பிக் கூட்டிட்டு வாங்களேன்," என்று கெஞ்சியது வரவேற்பு.

"வழி இருந்தாத்தானே? உன்னை விட்டுக் கிளம்பினதுமே நிரல் பாதையைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்குது. பட்டியல்ல என்னைத் தொட்டா நேரா வெளியேதான்," என்றது அம்புக்குறி. "வந்துதான் என்ன செய்யப் போறாங்க, ரெண்டாவது வணக்கம் வாங்கவா?"

மறுநாள் நிரல் வந்தபோது வரவேற்பு, "பட்டியல் இன்னும் தயாராகலையாம்" என்று பொய் சொன்னது. சகாயமேரியின் முகம் பதினோரு விநாடி அதன் மேல் குனிந்திருந்தது. அவளுடைய வலது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதை அன்றுதான் பார்த்தது. அடுத்த நாளும் அதே பொய்யைச் சொன்னது.

"திறக்கவே நேரமாகிறது, பேருந்தைத் தவறவிட்டேன்" என்று அவள் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினாள்.

மார்ச் ஒன்பதாம் தேதி செயலியின் புதிய பதிப்பு வந்தது. அதில் ஆறு திரைகள் இருந்தன.