புழு தின்ற இருபது மூட்டை

“வட்டியில்லாத பேங்க்காம்! கத்தியில்லாத கொள்ளைன்னு சொல்லு!”

கொல்லையில் கிடந்த சோளத்தட்டைப் போருக்குள் கடைசி எள் மூட்டையைச் செருகிவிட்டு நிமிர்ந்தார் பாபிகிர்.

மனைவி பதூல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சூடானின் கடாரிஃப் சந்தையில் எள் விலை ஒரே மாதத்தில் இரட்டிப்பாகியிருந்தது. பாபிகிரோ தம்முடைய நாற்பது மூட்டையையும் மழைக்கு முன்பே, அன்றைய விலைக்கு, இஸ்லாமிய வங்கிக்கு விற்று முழுப் பணத்தையும் வாங்கியிருந்தார். அறுத்ததும் எள்ளைக் கொடுக்க வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

“அந்தப் பணம் இல்லேன்னா டிராக்டர் வந்திருக்குமா? முன்னெல்லாம் விதைக்காக வியாபாரி வாசல்ல எத்தனை நாள் நின்னீங்க?” என்றாள் பதூல்.

“அதுக்காக ஏறின விலையெல்லாம் அவங்களுக்கா? பேங்க்ல இருபது மூட்டை போட்டாச்சு. மீதியைப் புழு தின்னுடுச்சுன்னு சொல்லியாச்சு. நீ வாயைத் திறக்காதே.”

மறுநாள் காலை வங்கி அதிகாரி ரபாப் வாசலில் வந்து நின்றாள். சின்னப் பெண்தான். ஆனாலும் பாபிகிரின் கண் கொல்லைப் பக்கம் ஓடியது.

“வா மகளே. சோதனை போட வந்தியா?”

“பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன் மாமா. பாதி வெள்ளாமை போச்சாமே?”

“என்னத்தச் சொல்ல! எல்லாம் அல்லாஹ்வோட நாட்டம்.”

பதூல் தலையைக் குனிந்துகொண்டு இஞ்சி போட்ட காபியை ஊற்றினாள்.

“கவலைப்படாதீங்க. மீதி இருபதை அடுத்த வருஷம் கொடுங்க. பணமா ஒரு பவுண்டுகூட அதிகமாக் கேக்க மாட்டோம்.” ரபாப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். “இது, நீங்க கொடுத்த இருபது மூட்டைக்கு.”

“அதுக்குத்தான் அப்பவே தந்துட்டீங்களே!”

“விலை இவ்வளவு ஏறும்னு நீங்களும் நினைக்கல, நாங்களும் நினைக்கல. மூணுல ஒரு பங்குக்கு மேல ஏறிட்டா விவசாயிக்கும் பங்கு தரணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கே மாமா. கையெழுத்துப் போட்டீங்களே, படிக்கலையா?”

படிக்கவில்லை.

பாபிகிருக்குக் கை நீளவில்லை. சற்று முன் அல்லாஹ்வின் பெயரைச் சொன்ன நாக்கு உலர்ந்துபோயிருந்தது. பதூல்தான் கவரை வாங்கித் தரையில் வைத்தாள்.

ரபாப் காபியைக் குடித்துவிட்டு எழுந்தாள். வாசற்படி தாண்டும்போது பின்னால் குரல் கேட்டது.

“மகளே, கொஞ்சம் நில்லு. அந்த இருபது மூட்டை... புழு தின்னல.”

ரபாப் திரும்பினாள். ஏன், எங்கே என்று எதுவும் கேட்கவில்லை.

“நாளைக்கு ஒரு லாரி அனுப்புறியா? விடியறதுக்கு முன்னாடியே ஏத்திடறேன். அக்கம்பக்கம் தெரிஞ்சா மானம் போயிடும்.”

“நாளைக்கு எதுக்கு மாமா? இன்னைக்கு ராத்திரியே ஏத்திடலாம்.” ரபாப் குரலைத் தாழ்த்தினாள். “காலி லாரி கொண்டு வந்திருக்கேன். யார் கண்ணுலயும் படவேணாம்னுதான் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திட்டு நடந்து வந்தேன்.”