துவைக்கக் கூடாத துணி

கூண்டுக்குள் கிடந்த துணியின் முடிச்சை நாய்க்குட்டி கடித்துக் கடித்துக் கடைசியில் அவிழ்த்தே விட்டது.

பொன்மணி கம்பிக்கதவைத் திறந்து துணியை வெளியே எடுத்தாள். திரும்ப முடிச்சுப் போடத்தான் எடுத்தாள், துவைக்க அல்ல. துவைக்கக் கூடாது என்பது அவள் புருசன் இசக்கிராஜாவின் உத்தரவு.

போன வாரம் சரக்கு வண்டியிலிருந்து கூண்டையும் குட்டியையும் இறக்கியவன், பந்தாக முடிந்த இந்தத் துணியையும் அவள் கையில் கொடுத்தான். கும்பளங்கியில் யாரோ தெரிந்தவர் வீட்டு நாய் போட்ட குட்டியாம். தாய் நாய் படுத்திருந்த துணியாம்.

"இதத் துவைச்சிராத, கேட்டியா. அதோட அம்மை மணம் இதுலதான் இருக்கு. கூண்டுல அடைச்சா அழும். அழும்போது திறக்காத, அழுகை நின்ன பெறவு திற. தன்னால பழகிரும்."

செல்போனில் வீடியோவும் காட்டினான். முதலில் கொஞ்ச நேரம் அடைக்க வேண்டும். அப்புறம் அரை நாள். அப்புறம் ராத்திரி முழுக்க. ஒவ்வொரு தடவையும் ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் குட்டி கோபித்துக்கொள்ளாது.

பொன்மணி தன்னுடைய பழைய சேலையைத்தான் முதலில் விரித்துப் பார்த்தாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஊளையிட்டது. இந்தத் துணியைப் போட்டதும் மூக்கை அதில் புதைத்துக்கொண்டு அடங்கிவிட்டது. பெற்றவள் வாசனை ஆயிற்றே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

இந்த வீட்டில் ஒரு ஜீவனாவது தூங்குகிறதே என்றும் இருந்தது.

ஏனென்றால் இசக்கிராஜா தூங்குவதில்லை. இந்த மட்டாஞ்சேரியில் மனுசன் தூங்குவானா என்பான். கொசு என்பான். வாய்க்கால் நாற்றம் என்பான். பக்கத்துக் கிட்டங்கியின் சுக்கு நெடி தலைக்கு ஏறுகிறது என்பான். நாய்க்கு இருக்கிற மூக்கு அவனுக்கும் இருந்தது.

களமசேரியில் லோடு இறக்கிவிட்டு அங்கேயே ஷெட்டில் படுத்தால்தான் கண் அசருகிறதாம். முதலில் நேரம் கழித்து வந்தான். அப்புறம் விடிந்து வந்தான். இப்போதெல்லாம் வாரத்தில் பாதி ராத்திரி அங்கேதான். வரும்போது ஒரு பொட்டலம் பழம்பொரி பஜ்ஜி வாங்கி வந்துவிடுவான், அதில் மட்டும் குறை வைக்க மாட்டான்.

தூங்க வைத்துவிட்டால் வீட்டோடு இருப்பான் என்பது பொன்மணியின் மனக்கணக்கு. அதற்காகவே வெட்டிவேரும் கருஞ்சீரகமும் இன்னும் என்னென்னவோ போட்டு எண்ணெய் காய்ச்சினாள். பக்குவம் அவளுடையது. அந்த வாசனை இந்த ஊரில் வேறெந்தத் தலையிலும் கிடையாது.

தேய்த்துவிடும்போது சுகமாகக் கண்ணை மூடுவான். படுத்தால் புரளுவான். தலையணையைத் தட்டுவான், திருப்பிப் போடுவான், எழுந்துபோய் ஜன்னலில் நிற்பான். அவள் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு பக்கத்தில் கிடப்பாள்.

இப்போது துணி அவள் மடியில் மெல்ல விரிந்தது. ஓரத்தில் நூலால் பின்னிய பூ. ஒரு பக்கம் வாய் திறந்திருந்தது.

தலையணை உறை.

நாய்க்குப் போய்ப் பூப்போட்ட உறையை விரிப்பார்களா? வசதியான வீடாக இருக்கும் என்று அப்போதும் அவனுக்காகத்தான் யோசித்தாள். மனசு அப்படிப் பழகியிருந்தது.

பிறகுதான் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

மேலாக நாய் வாசனை. அதற்கடியில் மல்லிகைப் பவுடர். அதற்கும் அடியில், நூலுக்கு நூல் ஊறிப்போய், அவள் அடுப்படியில் நின்று காய்ச்சிய வெட்டிவேர்.

தெரியாத்தனமாக இத்தனை நாளும் எந்தத் தலையணைக்கு எண்ணெய் காய்ச்சினோம் என்று நினைத்தபோது தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான்.

அவள் எழுந்தாள். கட்டிலில் அவன் தலையணைக்கு அந்த உறையை மாட்டினாள். அது தெரியாதபடி வீட்டு உறையை மேலே மாட்டினாள்.

அந்த மூக்கு சும்மா இருக்காது. படுத்ததும் முகத்தைச் சுளித்து, 'என்ன நாத்தம் இது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். தான் நினைத்தது அத்தனையும் பொய், தனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது என்று சந்தோசமாக ஒப்புக்கொள்வாள்.

இசக்கிராஜா சாப்பிட்டான். கை கழுவினான். துணி இல்லாத கூண்டுக்குள் குட்டி அழ ஆரம்பித்திருந்தது.

"அழட்டும், திறக்காத," என்றபடி கட்டிலில் சாய்ந்தான்.

பொன்மணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லு, சொல்லு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

அவன் தலையணையைத் தட்டவில்லை. திருப்பிப் போடவில்லை. பக்கவாட்டில் திரும்பி, மூக்கை அதில் புதைத்துக்கொண்டான்.

குட்டி விடாமல் அழுதது. கொசு பறந்தது. சுக்கு நெடி ஜன்னல் வழியே வந்துகொண்டுதான் இருந்தது.

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் முதல் தடவையாக, அந்தக் கட்டிலில் இசக்கிராஜா குறட்டை விட்டான்.