நாற்பத்து நாலு கம்பிகள்

ஷோரூமின் கண்ணாடிச் சுவர் வழியே பிற்பகல் வெயில் இறங்கி, புதுக் காரின் முகப்பில் கண் கூச மினுங்குகிறது. நாற்பத்து நாலு வெள்ளிக் கம்பிகள். டிரைவர் எண்ணிவிட்டார், தினமும் துடைக்கப்போவது அவர்தானே. "எதிர்ல வர்றவன் பார்த்ததுமே ஒதுங்குவான்," என்கிறார் முதலாளி. "கொட்டாவி விடுற வாய் மாதிரி இருக்கு," என்கிறார் முதலாளியம்மா. விற்பனைக்காரன் இரண்டு பேச்சுக்கும் ஒரே சிரிப்பைச் சிரிக்கிறான். அப்படிச் சிரிப்பவனை டிரைவர் நம்புவதில்லை. பிரஷ் போட்டால் கீறல் விழுமாம், துணியை விரலில் சுற்றி ஒவ்வொரு கம்பியாகத் துடைக்க வேண்டுமாம், அவன் சொல்கிறான். டிரைவரின் விரல்கள் இப்போதெல்லாம் காலையில் மடங்குவதில்லை, வெயில் ஏறினால்தான் வழிக்கு வருகின்றன. தெரிந்தால் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். வீங்கிய கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டபடி நிற்கிறார். "இத்தனையையும் யாருங்க துடைக்கிறது? அவருக்கும் வயசாகுதுல்ல. பழைய மாடலே போதும்," என்கிறார் முதலாளியம்மா. முதலாளி டிரைவர் பக்கம் திரும்புகிறார். "நீங்களே சொல்லுங்கண்ணே, முடியாதா?" "இதுல என்னங்கய்யா இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை. முகப்பு நல்லா கம்பீரமாத்தான் இருக்கு." முதலாளியம்மா டிரைவரையே பார்க்கிறார். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்ப இதையே புக் பண்ணிடுங்க," என்று விற்பனைக்காரனிடம் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடக்கிறார்.