பாராட்டக் கூடாதவர்

எட்டாவது பதிலைப் படித்ததும் நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவுவேன் என்று பதில் வந்திருந்தது.

இந்த உலகத்தில் அப்படிச் செய்கிற ஒரே ஒரு மனுஷனைத்தான் எனக்குத் தெரியும். அவரோடு பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தினேன். பிரிந்து நான்கு வருஷம் ஆகிறது.

நான் வேலை செய்யும் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு நடைமுறை உண்டு. புதிதாகச் சேர்கிறவர் வீட்டிலிருந்தே இருபத்துநான்கு கேள்விகளுக்குப் பதில் தட்டி அனுப்ப வேண்டும். பயிற்சியாளருக்குப் பெயரும் வராது, படமும் வராது. ஒரு எண்ணும் வயதும்தான் வரும். ஆளைப் பார்த்துவிட்டால் தொந்தியைத்தான் பார்ப்போமாம், சுபாவத்தைப் பார்க்க மாட்டோமாம். இது எங்கள் முதலாளியின் கட்சி.

அந்தப் பதில்களை வைத்து, இந்த மூளை எதற்கு ஏங்குகிறது, எதற்கு மிரளுகிறது என்று கணிக்க வேண்டும். சிலருக்கு வாரம் ஒரு புதுப் பயிற்சி கொடுக்காவிட்டால் மூளைக்கு உற்சாகம் தரும் டோபமைன் வற்றிப்போய், வருவதையே நிறுத்திவிடுவார்கள். சிலர் புதுசு என்றாலே மிரண்டு ஓடிவிடுவார்கள். இதில் எவ்வளவு விஞ்ஞானம், எவ்வளவு குத்துமதிப்பு என்று என்னைக் கேட்காதீர்கள். என்னிடம் வருகிறவர்கள் நிற்காமல் வருகிறார்கள், அவ்வளவுதான் தெரியும்.

வயது நாற்பத்தாறு. அதுவும் சரியாக இருந்தது.

மீதியை ஒரே மூச்சில் படித்தேன். வரிசையில் யாராவது முந்திப் போனால்? விட்டுவிடுவேன், தூங்கும்வரை அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். எல்லார் முன்னாலும் பாராட்டினால்? அப்புறம் அந்த வேலையைச் செய்யவே பிடிக்காது.

சாட்சாத் அவரேதான்.

ஊரில் இத்தனை கூடம் இருக்க, மனுஷன் இங்கே வருவானேன்? நான் இங்கே இருப்பது தெரியாமலா இருக்கும்? பதில்களை இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தேன். நாற்பத்துமூன்று வயதில் இது தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டு அவருக்கான பயிற்சித் திட்டத்தை எழுத உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு வாரத்துக்கும் அதே நான்கு பயிற்சிகள், அதே வரிசை. எடை கூட்டப்போகும் நாளை முன்கூட்டியே சொல்லக் கூடாது, முதல் நாள் தூங்க மாட்டார். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே பேச்சுக் கொடுக்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. நன்றாகச் செய்தால் பாராட்டக் கூடாது. அவர் தூக்கும் கம்பியில் சின்ன எடைத் தட்டு ஒன்றைக் கூடுதலாகச் செருகிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அவருக்கு அதுதான் பாராட்டு.

எழுத எழுத அழுகை வந்தது. பதினோரு வருஷமும் இதில் ஒன்றைக்கூட நான் செய்ததில்லை. மாதம் ஒரு தடவை கட்டிலை இடம் மாற்றினேன். விருந்தாளி வந்தால் அவர் கெட்டிக்காரத்தனத்தை அவர் முன்னாலேயே அளந்தேன். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன யோசனை, என்ன யோசனை என்று நச்சரித்தேன். என் மூளை அப்படி. பிரிந்த பிறகு கற்றுக்கொண்ட இந்த வேலைதான் அவர் யார் என்று எனக்குச் சொன்னது. இன்னொரு தடவை வாழக் கிடைத்தால் இந்தத் தாளில் இருக்கிறபடி வாழ்ந்துவிடுவேன்.

வரவேற்பில் இருக்கும் பெண், அந்தப் புது ஆள் பத்து மணிக்கு வருகிறார் என்று சொன்னாள். நான் தலை வாரிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, வருவது மந்திரியா என்று வேறு கேட்டாள்.

பத்து மணிக்கு அவர்தான் வந்தார். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். நான் இங்கே வேலை செய்வது அவருக்குத் தெரியாதாம்.

தாளை நீட்டினேன். நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க அனுப்பின பதிலை வெச்சுத்தான் எழுதினேன்."

"நான் எங்க அனுப்பினேன்? அவதான் உக்காந்து தட்டி அனுப்பினா. என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கலை."

அவள் என்றால், போன வருஷம் அவர் கட்டிக்கொண்டவள். கல்யாணச் செய்தி அப்போதே என் காதுக்கு வந்ததுதான். இன்று காலை மட்டும் அதை மறந்து தொலைத்திருந்தேன்.

வேறு ஒருவர் நிரப்பி அனுப்பியது இங்கே செல்லாது. ஆளே உட்கார்ந்து முதலிலிருந்து நிரப்ப வேண்டும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

ஆனால் இருபத்துநான்கில் ஒன்றுகூடத் தப்பில்லை. என்னைத் தவிர அதை இங்கே வேறு யார் சொல்ல முடியும்?

தாளை வாங்கி, பதில்கள் சரிபார்க்கப்பட்டன என்று அச்சடித்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.